இளங்கலைக்குப் பிந்திய உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சி

இளங்கலைக்குப் பிந்திய உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற ஒருவர் முனைவர் பட்டப் படிப்பில் சேர்வதற்கு முன்னர், ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுகள் ஆய்வுக்கூடமொன்றில் ஊதியத்துடன் பணியாற்றி, அப்படிப்புக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். அறிவியல் துறைகளில் தமது மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைந்த அளவிலேயே இடம்பெற்றுள்ள சமூகத்தினரையும், வறிய அல்லது கல்வி வாய்ப்புக் குறைந்த குடும்பங்களிலிருந்து வருவோரையும் கருத்திற்கொண்டு இத்தகைய திட்டங்கள் பல உருவாக்கப்பட்டன. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது, தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியுடன் 2000களின் தொடக்கத்திலிருந்து பல பல்கலைக்கழகங்களில் நடைபெற்று, 2025இல் நிதி நிறுத்தப்பட்ட பிரெப் திட்டம் ஆகும்.

இப்பயிற்சியின் முடிவில் பட்டம் எதுவும் வழங்கப்படுவதில்லை. முனைவர் பட்டப் படிப்பில் சேர்வதற்குத் தேவையானவற்றுள் மதிப்பெண்களால் பெற இயலாத மூன்றை இது தர முயல்கிறது. அவை நீண்டகால ஆய்வுக்கூட அனுபவம், அவ்வனுபவத்தை நேரில் கண்டு பரிந்துரைக் கடிதம் எழுதவல்ல ஆய்வாளர், கல்வித்துறையின் எழுதப்படாத நடைமுறைகள் பற்றிய அறிவு என்பன.

பெயர்

ஆங்கிலத்தில் இளங்கலைப் பட்டத்தைக் குறிக்கும் பேக்கலரேட் என்னும் சொல்லிலிருந்து, இப்பயிற்சியும் அதனைப் பெறுவோரும் போஸ்ட்பேக் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றனர். மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புவோர், தாம் இளங்கலையில் படிக்காது விட்ட அறிவியல் பாடங்களைப் படித்து முடிப்பதற்கான படிப்புகளும் இதே பெயரால் வழங்குகின்றன. அவை பெரும்பாலும் கட்டணம் செலுத்திப் படிக்கவேண்டியவை. ஆய்வுப் பயிற்சியிலோ பயிற்சி பெறுபவருக்கே ஊதியம் வழங்கப்படுகிறது. முனைவர் பட்டம் பெற்ற பின்னர் மேற்கொள்ளப்படும் போஸ்ட்டாக் என்னும் ஆய்வுப் பணியிலிருந்தும் இது வேறானது.

பின்னணி

அமெரிக்க முனைவர் பட்டப் படிப்பின் இயல்பு

இந்தியாவிலும் இலங்கையிலும் முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோர் பெரும்பாலும் முதுகலைப் பட்டமோ அதற்கு இணையான ஆய்வுப் பட்டமோ பெற்ற பின்னரே சேர்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் உயிரியல், மருத்துவ அறிவியல் துறைகளில் நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பு முடிந்தவுடனேயே முனைவர் பட்டப் படிப்பில் சேரலாம். இப்படிப்பு வழமையாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் நீடிக்கும். மாணவர் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. முதலாண்டில் மாணவர் இரண்டு அல்லது மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சி முறையில் பணியாற்றி, அவற்றுள் ஒன்றைத் தமது ஆய்வுக்குத் தேர்ந்துகொள்வார். பின்னர் தகுதித் தேர்வில் தேறி, ஆய்வேட்டுக்கான பணியைத் தொடர்வார்.

ஒரு மாணவருக்காகப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் செலவிடவேண்டியிருப்பதால், விண்ணப்பதாரர் ஆய்வுப் பணியின் தன்மையை அறிந்து வருகிறாரா என்பதைத் தேர்வுக்குழு கவனிக்கின்றது. இளங்கலைக் காலத்து ஆய்வுக்கூடப் பாடங்கள் இதற்குப் போதுமானவையாகக் கருதப்படுவதில்லை. பாடத்தின் பகுதியாகச் செய்யப்படும் சோதனையில் விடை முன்னரே அறியப்பட்டது. ஆய்வுக்கூடத்திலோ விடை தெரியாது. சோதனை பலமுறை தோல்வியுறலாம். தோல்விக்குக் காரணம் கருதுகோளா, வேதிப்பொருளா, செய்தவரின் கையா என்பதையும் செய்தவரே கண்டறிதல் வேண்டும். இத்தகைய பணியில் ஒருவர் ஓர் ஆண்டேனும் நிலைத்திருந்தார் என்பது அவரது தேர்வு மதிப்பெண்களைவிட வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

வாய்ப்பு வேறுபாடுகள்

இவ்வனுபவத்தைப் பெறும் வாய்ப்பு எல்லா மாணவருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் படிப்போர் இளங்கலை முதலாண்டிலேயே ஆய்வுக்கூடங்களில் சேர இயலும். சிறு கல்லூரிகளில் கற்பித்தலே முதன்மையானது என்பதால், அங்கு ஆய்வுக்கூடங்கள் குறைவு. வரலாற்று வழிக் கறுப்பினக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், தொல்குடி மக்களின் கல்லூரிகளும் இந்நிலையைப் பெரிதும் எதிர்கொள்கின்றன. எனினும் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின அமெரிக்கருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தமது இளங்கலைப் பட்டத்தை வரலாற்று வழிக் கறுப்பினக் கல்வி நிறுவனங்களிலேயே பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பணமும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் சேரும் இளங்கலை மாணவர் பலர் ஊதியமின்றியே பணிபுரிகின்றனர். கல்விச் செலவுக்காக மாலை நேரங்களில் கடையிலோ உணவகத்திலோ வேலை செய்யும் மாணவரால் அவ்வாறு பணிபுரிய இயலாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர், ஆய்வுக்கூட இடங்கள் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் வெளியாவதில்லை என்பதையும், பேராசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்பதே வழக்கம் என்பதையும் மூன்றாம் ஆண்டில்தான் அறியக்கூடும். முனைவர் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதை அறியாமல், கடனுக்கு அஞ்சி அவ்வழியைக் கைவிடுவோரும் உளர்.

குறைவான பிரதிநிதித்துவம்

2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அமெரிக்க மக்களுள் 18.7 விழுக்காட்டினர் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 12.4 விழுக்காட்டினர் தம்மைக் கறுப்பினத்தவர் என மட்டும் குறிப்பிட்டனர். ஆய்வுத் துறையின் மேல்நிலைகளில் இவ்விகிதங்கள் காணப்படுவதில்லை. பொருளியலாளர் டோனா கிந்தரும் பிறரும் 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதன்மை ஆய்வு மானியமான ஆர்01 மானியத்துக்கு 2000 முதல் 2006 வரை வந்த 83,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் பரிசீலித்தது. அவற்றுள் கறுப்பின ஆய்வாளருடையவை ஏறத்தாழ 1.4 விழுக்காடே. கல்வி, அனுபவம், வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னரும், வெள்ளையின ஆய்வாளரோடு ஒப்பிடுகையில் கறுப்பின ஆய்வாளர் மானியம் பெறும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தொல்குடி அமெரிக்கர், அலாஸ்காவின் தொல்குடியினர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவுகளின் தொல்குடியினர் ஆகியோர் குறைவான பிரதிநிதித்துவம் கொண்ட பிரிவினராகக் கொள்ளப்பட்டனர். உடற்குறையுடையோரும் இதில் அடங்குவர். தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2019இல் வெளியிட்ட அறிவிப்பு, பின்தங்கிய சூழல் என்பதைப் பின்வருவன போன்ற ஏழு அளவைகளுள் இரண்டேனும் பொருந்துவது என வரையறுத்தது:

- வீடற்ற நிலையில் வாழ்ந்தமை
- வளர்ப்புக் குடும்பங்களின் பொறுப்பில் வளர்ந்தமை
- பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவு பெற்றமை
- பெற்றோர் இளங்கலைப் பட்டம் பெறாதிருந்தமை
- நடுவண் அரசின் பெல் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றமை
- நாட்டுப்புறத்திலோ வருமானம் குறைந்த பகுதியிலோ வளர்ந்தமை

இந்திய, இலங்கை வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியர் அமெரிக்க அறிவியல் துறையில் ஒட்டுமொத்தமாகக் குறைவாக இல்லாததால், இன அடிப்படையில் இப்பிரிவில் சேர்க்கப்படவில்லை. பின்தங்கிய சூழல், உடற்குறை ஆகிய அளவைகள் அவர்களுக்கும் பொருந்தக்கூடியனவாக இருந்தன.

வரலாறு

முற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கறுப்பினத்தவருக்கு முனைவர் பட்டக் கல்வி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. உயிரியலாளர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் 1916இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கடல்வாழ் உயிரிகளின் கருமுட்டைகள் பற்றிய அவரது ஆய்வுகள் புகழ் பெற்றிருந்தும், அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவர் ஐரோப்பாவிலேயே மிகுதியாக ஆய்வு செய்தார். வேதியியலாளர் பெர்சி ஜூலியன் 1923இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபோதிலும், அங்கு கற்பித்தல் உதவியாளர் பணி மறுக்கப்பட்டதால் முனைவர் பட்டப் படிப்பைத் தொடர முடியவில்லை. அவர் 1931இல் வியன்னாவில் அப்பட்டத்தைப் பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின்னர் கண்ணழுத்த நோய்க்கு மருந்தாகும் பைசோஸ்டிக்மினைச் செயற்கையாகத் தொகுத்தார். தடையாக இருந்தது படிப்பைத் தொடர்வதற்கான பொருள் வாய்ப்பு மறுக்கப்பட்டமையே அன்றித் திறமைக் குறைவு அன்று என்பதற்கு ஜூலியனின் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

உயிரணு உயிரியலாளர் ஜூவல் பிளம்மர் கோப் 1969 முதல் 1976 வரை கனெக்டிகட் கல்லூரியின் முதன்மையராக இருந்தபோது, மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றில் சேர விரும்பிய சிறுபான்மைப் பட்டதாரிகளுக்காகத் தனியார் நிதியில் ஆயத்தப் படிப்பொன்றை ஏற்படுத்தினார். இளங்கலைக்குப் பிந்திய ஓராண்டைப் பயன்படுத்தி இடைவெளியை நிரப்பும் முயற்சிகளுள் இது முற்பட்டது. 1979இல் எழுதிய கட்டுரையில் அவர், அறிவியலை நோக்கிச் செல்லும் பெண்களை ஒவ்வொரு கட்டத்திலும் குறைக்கும் சமூகக் காரணிகளை வடிகட்டிகளுக்கு ஒப்பிட்டார்.

அரசுத் திட்டங்கள்

நடுவண் அரசு 1972இல் சிறுபான்மை உயிர்மருத்துவ ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கி, சிறுபான்மை மாணவர் மிகுதியாகப் பயின்ற கல்லூரிகளில் ஆய்வை வளர்க்க நிதியளித்தது. அதே பத்தாண்டில் மார்க் திட்டமும் ஏற்பட்டது. இவ்விரண்டும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஓர் உறுப்பான தேசிய பொது மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்தன. விண்ணோடி ரொனால்ட் மக்னேரின் நினைவாக அமைந்த மக்னேர் திட்டம், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்வோரையும் குறைவான பிரதிநிதித்துவம் உடையோரையும் எல்லாத் துறைகளிலும் முனைவர் பட்டத்துக்கு ஆயத்தப்படுத்துவது. இது கல்வித் துறையின் நிதியில் நடைபெறுவது.

இத்திட்டங்கள் கல்லூரியில் பயில்வோருக்கு உரியன. கல்லூரியை முடித்தவராயினும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஆய்வனுபவம் பெறாதவருக்கு இவற்றில் இடமில்லை. அவ்விடைவெளியை நிரப்பவே 2000களின் தொடக்கத்தில் பிரெப் திட்டம் உருவாக்கப்பட்டது. பேய்லர் மருத்துவக் கல்லூரி, மேயோ கிளினிக், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், வர்ஜீனியா டெக், வட கரோலினாப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்களில் இத்திட்டம் நடைபெற்றது.

பயிற்சியின் அமைப்பு

சேர்க்கை

பிரெப் திட்டத்தில் சேர்வதற்கு அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ தேவைப்பட்டது. உயிர்மருத்துவம் சார்ந்த அறிவியல் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்று 36 மாதங்களுக்கு மேற்படாதிருத்தல் வேண்டியிருந்தது. வெளிநாட்டு மாணவர் இதில் சேர இயலவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்குச் சிலரையே சேர்த்துக்கொண்டதால், பயிற்சி பெறுவோர் ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறு குழுவாக இருந்தனர்.

ஆய்வுக்கூடப் பணி

பயிற்சி நேரத்தின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆய்வுக்கும், எஞ்சிய ஒரு பங்கு கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. பயிற்சி பெறுபவர் தமக்கெனத் தனியான ஆய்வு வினாவைப் பெறுவார். பிறருடைய சோதனைகளுக்குக் கரைசல் கலக்கித் தரும் உதவியாளர் நிலையிலிருந்து இது வேறானது. உயிரணு வளர்ப்பு, மரபுப்பொருளைப் பெருக்கும் பி.சி.ஆர். முறை, புரதங்களைப் பிரித்தறிதல், நுண்ணோக்கிப் படங்களை அளவிடல், புள்ளியியல் பகுப்பாய்வு முதலியன பொதுவாகக் கற்கப்படும் செய்முறைகள்.

செய்முறைகளைவிட முதன்மையானவை ஆய்வின் ஒழுங்குமுறைகள். எந்தச் சோதனைக்கும் ஒப்பீட்டு மாதிரி வேண்டும் என்பதும், ஆய்வுக் குறிப்பேட்டில் தோல்வியடைந்த சோதனையையும் தேதியிட்டு எழுதவேண்டும் என்பதும் இங்கு பழக்கமாகின்றன. வாரந்தோறும் நடைபெறும் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் தமது முடிவுகளை முன்வைத்து, மூத்தவர்களின் வினாக்களுக்கு விடையளிக்கப் பயிற்சி பெறுபவர் கற்கிறார். அவ்வினாக்கள் ஆய்வைக் குறித்தவை, தம்மைக் குறித்தவை அல்ல என்னும் தெளிவு பெறுவதும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே.

கல்விப் பகுதி

கல்விப் பகுதியில் பின்வருவன பொதுவாக இடம்பெறும்:

- ஆய்விதழ் வாசிப்பு வட்டம். ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஒவ்வொரு படத்தையும் எடுத்து, அது உண்மையில் எதனை நிறுவுகிறது என விவாதித்தல்.
- முதுநிலைப் பாடம் ஒன்று அல்லது இரண்டு. இளங்கலையில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் முனைவர் பட்ட நிலைப் பாடத்தைச் சமாளிக்கவல்லவர் என்பதற்கு இது சான்றாகும்.
- அறிவியல் எழுத்து, ஆய்வு நெறிமுறை, புள்ளியியல் ஆகியன.
- தனிநபர் வளர்ச்சித் திட்டம். ஆண்டின் தொடக்கத்தில் குறைகளையும் இலக்குகளையும் எழுதி, வழிகாட்டியுடன் குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்த்தல்.
- மாநாட்டில் ஆய்வைச் சுவரொட்டியாக முன்வைத்தல். சிறுபான்மை மாணவருக்கான வருடாந்த உயிர்மருத்துவ ஆய்வு மாநாடு 2001 முதலும், சாக்னாஸ் என்னும் அமைப்பு 1973 முதலும் இதற்குக் களமாக இருந்துவருகின்றன.

ஆண்டின் ஒழுங்கு

பயிற்சி வழமையாகச் சூன் அல்லது சூலை மாதத்தில் தொடங்கும். செப்டம்பரில் விண்ணப்பிக்கவேண்டிய பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆயத்தமாகும். பெரும்பாலான உயிர்மருத்துவ முனைவர் பட்டப் படிப்புகளின் விண்ணப்ப இறுதிநாள் திசம்பர் மாதத் தொடக்கத்தை ஒட்டி அமையும். சனவரி முதல் மார்ச்சு வரை நேர்காணல்கள் நடைபெறும். உதவித்தொகையுடன் கூடிய இடத்தை ஏற்பது பற்றி மாணவர் ஏப்ரல் 15ஆம் நாளுக்குள் முடிவு செய்தல் வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது வழக்கமாகும்.

இந்நாட்காட்டியில் ஒரு சிக்கல் உண்டு. சூலையில் பயிற்சியைத் தொடங்கிய ஒருவர் ஐந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டியுள்ளது. அதற்குள் அவருடைய ஆய்வில் சொல்லத்தக்க முடிவுகள் கிடைத்திருப்பது அரிது. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆய்வாளரும் அவரைச் சில மாதங்களே அறிந்திருப்பார். இதனாலேயே ஆய்வனுபவம் மிகக் குறைவாக உள்ளவர் இரண்டாவது ஆண்டும் தங்கிப் பின்னர் விண்ணப்பிக்க வாய்ப்பளிக்கப்பட்டது.

விண்ணப்பம்

முனைவர் பட்ட விண்ணப்பத்தில் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் நோக்க அறிக்கையும் முதன்மையானவை. வகுப்பில் முதன்மையாகத் தேறினார் என்று மட்டும் கூறும் கடிதம் இங்கு பயன்தராது. விண்ணப்பதாரர் எந்த வினாவை ஆராய்ந்தார், எதிர்பாராத முடிவு வந்தபோது என்ன செய்தார் என்பவற்றை அக்கடிதம் கூறவேண்டும். நோக்க அறிக்கையும் தன்வரலாறாக அமைவதில்லை. செய்த ஆய்வையும் இனி ஆராய விரும்பும் வினாக்களையும் அது விளக்கவேண்டும். சிறு வயதில் ஏற்பட்ட அறிவியல் ஆர்வத்தைப் பற்றியே அறிக்கையின் பெரும்பகுதியை எழுதிவிடுவது, வழிகாட்டல் பெறாத விண்ணப்பதாரரிடம் பரவலாகக் காணப்படும் குறையாகும்.

நேர்காணலில் விண்ணப்பதாரர் பல பேராசிரியர்களைத் தனித்தனியே சந்திப்பார். அவர்கள் தமது ஆய்வை விளக்கும்போது, கேட்பவர் வினா எழுப்புவார் என எதிர்பார்க்கின்றனர். பெரியோரிடம் வினாவுவது மரியாதைக் குறைவு எனக் கருதும் சூழலில் வளர்ந்தவரின் மௌனம், ஆர்வமின்மை எனத் தவறாகக் கொள்ளப்படக்கூடும். எனவே பயிற்சித் திட்டங்கள் மாதிரி நேர்காணல்களை நடத்துகின்றன.

வழிகாட்டல்

பயிற்சியின் பயன் பெரிதும் வழிகாட்டும் ஆய்வாளரைப் பொறுத்தது. சிறந்த ஆய்வாளர் சிறந்த வழிகாட்டியாகவும் இருப்பார் என்பது உறுதியன்று. எனவே வழிகாட்டிகளுக்கும் பயிற்சி அளிக்கும் முயற்சிகள் தோன்றின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோ ஹாண்டல்ஸ்மனும் பிறரும் 2005இல் உருவாக்கிய வழிகாட்டல் பாடத்திட்டம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2014இல் தேசிய ஆய்வு வழிகாட்டல் வலையமைப்பை ஏற்படுத்தின.

தொடர்புடைய திட்டங்கள்

மையர்ஹாஃப் திட்டம்

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் ஏற்படுத்தப்பட்ட மையர்ஹாஃப் திட்டம் இளங்கலை மாணவருக்கு உரியது. ராபர்ட், ஜேன் மையர்ஹாஃப் இணையரின் நன்கொடையுடன் ஃபிரீமன் ராபௌஸ்கி இதனைத் தொடங்கினார். ராபௌஸ்கி 1963இல், தமது 12ஆம் வயதில், பர்மிங்காம் நகரில் நடைபெற்ற குடிசார் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னர் 1992 முதல் 2022 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். 1989இல் சேர்ந்த முதற்குழுவில் 19 கறுப்பின இளைஞர் இருந்தனர். அடுத்த ஆண்டு பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தவரும் சேர்க்கப்பட்டனர்.

தனித்தனியே போட்டியிட்டுப் படிப்பதற்கு மாறாகக் குழுவாகப் படித்தல், கோடைக்கால ஆயத்தப் பயிற்சி, தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடப் பணி ஆகியன இதன் சிறப்புகள். இங்கு பயின்ற கிஸ்மெக்கியா கோர்பெட், 2014இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் தடுப்பூசி ஆய்வு மையத்தில், மொடர்னா கோவிட்-19 தடுப்பூசியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். பென் மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் இத்திட்டத்தைப் பின்பற்றித் தமது வளாகங்களில் ஒத்த திட்டங்களை ஏற்படுத்தின. அவற்றின் தொடக்க முடிவுகள் 2019இல் சயன்ஸ் இதழில் வெளியாயின.

ஃபிஸ்க்-வாண்டர்பில்ட் பாலத் திட்டம்

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், வரலாற்று வழிக் கறுப்பினக் கல்வி நிறுவனமான ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் 2004இல் தொடங்கிய திட்டம் இது. மாணவர் ஃபிஸ்கில் முதுகலைப் பட்டம் பெறும்போதே வாண்டர்பில்ட் ஆய்வாளருடன் பணிபுரிந்து, பின்னர் முனைவர் பட்டத்துக்குச் செல்வார். இயற்பியல், வானியல் துறைகளில் தொடங்கியதாயினும், ஆயத்தக் காலம் பட்டத்துடன் முடிவடையும் மாற்று முறைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

விளைவுகள்

பிரெப் திட்டத்தில் பயின்றோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தனர் என 2016இல் வெளியான மதிப்பீடு தெரிவித்தது. சேர்ந்தோருள் படிப்பை நிறைவு செய்தோரின் விகிதம், உயிர் அறிவியல் மாணவரின் பொதுவான நிறைவு விகிதத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. இதன் பொருளை உணர்வதற்கு மற்றோர் எண் உதவும். முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் பேரவை 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்த கறுப்பின, இலத்தீன் அமெரிக்க மாணவருள் பத்து ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் 54 விழுக்காட்டினரே.

இத்திட்டங்களின் அனுபவம் தேர்வு முறையையும் பாதித்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலும் 2017இல் வெளியான இரு ஆய்வுகள், ஜி.ஆர்.இ. பொதுத்தேர்வு மதிப்பெண்கள் உயிர்மருத்துவ மாணவரின் ஆய்வு வெற்றியை முன்னறிவிக்கவில்லை எனக் காட்டின. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் பல உயிர்மருத்துவ முனைவர் பட்டப் படிப்புகள் அத்தேர்வைக் கோருவதைக் கைவிட்டன.

விமர்சனங்கள்

இத்திட்டங்கள் பற்றிய விமர்சனங்கள் பல திசைகளிலிருந்து எழுந்துள்ளன.

- குறை மாணவரிடம் உள்ளது என்னும் எண்ணத்தை இவை நிலைநிறுத்துகின்றன என்பது ஒரு கருத்து. நடைமுறைகளை எழுதாமல் வைத்திருப்பது பல்கலைக்கழகம். அதனை அறியாதவருக்கு ஓர் ஆண்டு கூடுதலாகப் பயிற்சி தருவதைவிட, நடைமுறையை வெளிப்படையாக்குவதே முறை என இக்கருத்துடையோர் கூறுகின்றனர்.
- விளைவுகளை அளவிடுவது கடினம். பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏற்கெனவே ஊக்கம் மிக்கவர்கள். பயிற்சி இல்லாவிடினும் அவருள் எத்தனை பேர் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்திருப்பர் என்பதை அறிய, சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு பெரும்பாலான மதிப்பீடுகளில் இல்லை.
- ஊதியம் வழங்கப்பட்டாலும், அது தொழிற்றுறை ஊதியத்தைவிடக் குறைவு. குடும்பத்துக்குப் பணம் அனுப்பவேண்டிய பட்டதாரிக்கு ஓராண்டுத் தாமதம் சிறிய இழப்பன்று.
- முனைவர் பட்டத்துக்குப் பிந்திய நிலைகள் மாறவில்லை. கென்னத் கிப்ஸும் பிறரும் 2016இல் ஈலைஃப் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 1980க்கும் 2013க்கும் இடையில் குறைவான பிரதிநிதித்துவம் உடைய பிரிவினருள் முனைவர் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கை 9.3 மடங்காகியது. மருத்துவக் கல்லூரிகளின் அடிப்படை அறிவியல் துறைகளில் அப்பிரிவினரான உதவிப் பேராசிரியரின் எண்ணிக்கையோ 2.6 மடங்கே ஆகியது.

இறுதியாகக் கூறப்பட்ட எண்கள், படிப்பின் வாயிலை மட்டும் அகலப்படுத்துவதால் ஆய்வுத் துறையின் அமைப்பு தானாக மாறிவிடாது என்பதைக் காட்டுகின்றன. ஆய்வின் பொருளும் இதில் இடம்பெறுகிறது. 2019இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு, கறுப்பின ஆய்வாளர் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் சமூக நலவாழ்வு சார்ந்த தலைப்புகள் மானியம் பெறும் வாய்ப்புக் குறைந்தவையாக இருந்தமை, மானிய இடைவெளியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை விளக்குகிறது எனக் கண்டது.

சட்டச் சூழலும் 2025 நிதி நிறுத்தமும்

இன அடிப்படையிலான கல்வி உதவிகள் நீண்டகாலமாக நீதிமன்றங்களில் கேள்விக்கு உட்பட்டு வந்துள்ளன. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவருக்கு மட்டும் உரியதாக இருந்த பென்னக்கர் உதவித்தொகைக்கு எதிராக 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மையர்ஹாஃப் திட்டம் 1996இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டமைக்கு இத்தீர்ப்பு பின்னணியாக அமைந்தது. 2023 சூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்திற்கொண்ட முறை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

2025 சனவரியில் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப், பன்முகத்தன்மை சார்ந்த திட்டங்களை அரசுத் துறைகள் கைவிடவேண்டும் என ஆணைகள் பிறப்பித்தார். தொடர்ந்து தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் பெருந்தொகையான மானியங்களை நிறுத்தின. அவ்வாண்டு ஏப்ரலில் மார்க், பிரெப் உள்ளிட்ட பயிற்சித் திட்டங்களுக்கான நிதியும் நிறுத்தப்பட்டது. மானிய நிறுத்தங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், மாசசூசெட்ஸ் மாவட்ட நடுவண் நீதிமன்றம் 2025 சூனில் அவை சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்னும் பெரும்பான்மையில், வழக்கு தொடரும் காலத்தில் மானியங்களை நிறுத்திவைக்க அரசுக்கு இடமளித்தது.

ஆய்வாளர் ஒருவர் உருவாவதற்கு ஆகும் காலம் நீண்டது. பயிற்சியில் ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், அதன் பின்னர் போஸ்ட்டாக் பணியில் சில ஆண்டுகள் என, தொடக்கத்திலிருந்து சொந்த ஆய்வுக்கூடம் வரை பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. எனவே 2000களின் நடுப்பகுதியில் இப்பயிற்சியைப் பெற்றவர்கள் 2010களின் பிற்பகுதியிலேயே சொந்த ஆய்வுக்கூடம் அமைக்கும் நிலையை எய்தியிருப்பர். அதே கணக்கின்படி, 2025இல் பயிற்சி வாய்ப்பை இழந்தவர்களின் இடம் ஆய்வுத் துறையில் வெறுமையாக இருப்பது 2030களின் நடுப்பகுதிக்கு முன்னர் புலப்படாது.